கவர்னர் கேட்ட ஒரு பதவி

அண்ணா,

கட்டை அவிழ்ப்பதற்கு முன்பே உன் மூக்குப்பொடி வாசனை வந்துவிட்டது. சிவப்பு நாடா போட்டுக் கட்டிய பழைய காகிதங்கள். தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்குப் போகிறதல்லவா, உன் ஆபீசில் மேஜைகளைக் காலி செய்கிறார்கள். உன் இழுப்பறையில் கிடந்ததையெல்லாம் பக்கத்து மேஜைக் கோஷால் பாபு அள்ளிக்கொண்டு, நம் காளிகாட் சந்து வரைக்கும் நடந்து வந்து கொடுத்தார். நீ கண்ணை மூடி ஐந்து மாதம் ஆகிறது. தாள்களின் ஓரத்தில் பொடி பட்ட உன் விரல்களின் பழுப்புப் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன.

எட்டு வயதில் முடிந்துபோன கல்யாணத்தோடு நான் உன்னிடம் வந்தேன். பலகையில் என் கையைப் பிடித்து ஆங்கில எழுத்து எழுதவைத்தவன் நீ. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி குமாஸ்தாவாகப் போனவன், நம் குடும்பத்தின் முதல் பட்டத்தைத் தங்கைக்கு வாங்கிக் கொடுத்தாய். ஊரிலிருந்து எத்தனையோ கடிதங்கள் வந்தன, முண்டச்சிக்குக் காலேஜா என்று. நீ ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. இதையெல்லாம் மறந்துவிட்டு உனக்கு எழுத முடிந்தால் எனக்குச் சுலபமாக இருக்கும்.

சென்னை ராஜதானி இந்திய அரசுக்கு எழுதும் கல்விக் கடிதங்கள் உன் மேஜைக்குத்தான் வரும். நீ குறிப்பு எழுதி மேலே அனுப்புவாய். துரை படித்துவிட்டு முடிவு எழுதுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது நான் கேட்டேன், கவர்னருக்கு மேலே ஒருவரா என்று. நீ சிரித்தாய்.

"கவர்னர்னா ராஜான்னு நெனச்சியோ? தூக்குல போடப் போறவன் உசிரைக் காப்பாத்தலாம். லண்டனுக்கு நேரா லெட்டர் எழுதலாம். ஆனா கொஞ்சம் பெரிய சம்பளத்துல நிரந்தரமா ஒரு வேலையை உண்டாக்கணும்னா இங்கதான் கேக்கணும். உங்க மன்னி மாதிரின்னு வச்சுக்கோ. அடுக்களை முழுக்க அவ ராஜ்யம். புதுசா ஒரு அண்டா வேணும்னா என்னைக் கேக்கணும்."

உள்ளேயிருந்து மன்னி சொன்னாள்: "கேட்டு மூணு வருஷமாச்சு. ‘பரிசீலனையில் இருக்கிறது’ன்னு பதில் வரது."

அன்று நாம் மூவரும் சிரித்தது எனக்கு இப்போதும் கேட்கிறது. சிரித்திருக்க வேண்டாம்.

பட்டம் வாங்கிய அடுத்த ஆண்டு, தமிழ் ஜில்லாக்களில் பெண் பள்ளிகளைச் சுற்றிப் பார்க்க ஒரு பெண் உதவி இன்ஸ்பெக்டர் வேண்டும் என்று சென்னையில் பேச்சு எழுந்தது. செய்தி கொண்டுவந்தவனே நீதான். விண்ணப்பத்தில் இரண்டு பிழை திருத்தினாய். டிராமில் போய்ப் பெரிய தபாலாபீசில் நீயே போட்டுவிட்டு வந்தாய். சென்னையிலிருந்து பதில் வந்தது: பதவியை உண்டாக்கக் கவர்னரும் அவர் சபையும் இசைந்துவிட்டார்கள், கல்கத்தாவின் சம்மதம் வந்ததும் என் பெயர் கவனிக்கப்படும். அந்தக் கடிதத்தை நான் அரிசி டப்பாவில் வைத்திருந்தேன். அடுக்களையை ஒட்டிய இருட்டு அறையை விட்டு, எனக்கென்று ஒரு வேலை, பூட்டித் திறக்க ஒரு வீடு. தெரியாத ஊர்களின் பெயர்களைத் தேசப்படத்தில் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ அந்த நாட்களில் அதிகம் பேசவில்லை. ஆபீஸ் வேலை என்று நினைத்தேன்.

மழைக்காலம் முடியும்போது ஒரு சாயங்காலம், மண் சட்டியில் சந்தேஷ் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தாய். விசேஷம் ஒன்றும் இல்லாத நாள். என் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றியபடியே சொன்னாய்: "மேலிடம் ஒத்துக்கலைடி. கவர்னர் கேட்டும் நடக்கலை. என்ன பண்றது?" நான் உள்ளே போனேன். அழுதது உனக்குக் கேட்டிருக்கும். சந்தேஷை மன்னி தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

மேலிடம் என்பது யாரென்று நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது.

உங்கள் ஆபீஸ் வழக்கப்படி நடுவே மடித்த தாள். வலப் பாதியில் உன் வரைவு, இடப் பாதி துரைக்கு. நல்ல பிரதி எடுத்தபிறகு இதை நீ கிழித்துப் போட்டிருக்கலாம். ஏன் வைத்திருந்தாய்? வலப் பாதியில் இப்படி எழுதியிருக்கிறாய்: இத்தகைய பதவிக்கு முன்னுதாரணம் இல்லை. தகுதியுள்ள பெண் ஒருத்தியே இருப்பதாகத் தெரிகிறது. ஒருத்தியை நம்பி நிரந்தரமாக ஒரு பதவியை உண்டாக்குவது உசிதமல்ல.

ஃபைலை வீட்டுக்குக் கொண்டுவந்து நீ இதை எழுதியபோது, அந்த ஒருத்தி உனக்கு ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், அண்ணா.

இடப் பாதியில் துரையின் பென்சில் கேட்கிறது: விண்ணப்பதாரர் கல்கத்தாவில் வசிக்கிறாரே, உமக்குத் தெரிந்தவரா? அதன் கீழே உன் கறுப்பு மையில் ஒரே சொல். நோ.

கோஷால் பாபு இன்று காலை மறுபடியும் வந்தார். வழக்கம்போல் நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் வங்காளியில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"படிச்சுட்டியா, மா? அந்த ஃபைலை என் மேஜைக்குத் தள்ளுடா, சாதகமா ரெண்டு வரி நான் எழுதறேன்னு உன் அண்ணாகிட்ட அப்பவே சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"ஏன் மேஜை மாறித்துன்னு துரை கேப்பார், தங்கைன்னு சொல்ல வேண்டிவரும். அப்புறம், ஒரு மதராஸியை உள்ள விட்டா குடும்பத்தையே கூட்டிண்டு வரான்னு நீங்களே பேசுவேள்ன்னான்." குடைப்பிடியைத் தடவிக்கொண்டே, "பேசியிருப்போம். அது நிஜம்தான்," என்றார்.

அந்நிய மனிதரிடம் நான் அதுவரை பேசியதில் மிக நீளமான வாக்கியத்தை அப்போது பேசினேன். "அப்படின்னா வெறுமனே ‘துரை முடிவுக்கு’ன்னு எழுதி அனுப்பியிருக்கலாமே. ஏன் எதிர்த்து எழுதணும்?"

"பின்னாடி யாராவது கண்டுபிடிச்சா, எதிர்த்துத்தானே எழுதினேன்னு காட்டலாமே. எங்க வேலையில பயந்தவன் அந்தப் பக்கம்தான் ஓடுவான், மா." குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "கவர்னர் என்ன வேணா கேக்கட்டும். துரை படிக்கறது நாங்க எழுதறதைத்தான். இனிமே எங்க வங்காளத்துக்கும் உங்க சென்னை மாதிரி கவர்னர் வராராம். பாவம், அவரும் கேப்பார்."

அவர் போனபிறகு அந்தத் தாளை மறுபடி விரித்தேன். கடலோரம் முழுவதையும் ஆண்ட ஒருவர் எனக்கு ஒரு வேலை கொடுக்கச் சம்மதித்தார். அவரைத் தடுத்தது வைசிராயும் இல்லை, லண்டனும் இல்லை. சக குமாஸ்தாக்களின் கேலிக்கு நீ பட்ட பயம். தங்கையைப் படிக்கவைத்தபோது ஊர் முழுவதையும் எதிர்த்து நின்றவனுக்கு, நாலு மேஜைக்காரர்களை எதிர்க்க முடியவில்லை. எது உண்மையான நீ என்று கேட்க உன்னைக் காணோம். இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். கதவுக்குப் பின்னால் நின்றிருப்பேன்.

மன்னி அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். நான் அந்த இருட்டு அறையை மட்டும் வாடகைக்கு வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன்.

கோஷால் பாபு இன்று வந்தது அந்தக் கட்டைப் பற்றிப் பேச மட்டும் இல்லை. விதிகளைத் தளர்த்திவிட்டார்களாம், இதுபோன்ற பதவிகளை இனி ராஜதானியே உண்டாக்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. சென்னை அதே பதவிக்கு மறுபடி விண்ணப்பம் கேட்டிருக்கிறது. படிவத்தை வாங்கி வந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் உட்கார்ந்து நிரப்பினேன். திருத்திக் கொடுக்க ஆள் இல்லாததால் மெதுவாக எழுதினேன். கடைசிக்கு முந்திய கேள்வி: சர்க்கார் உத்தியோகத்தில் உறவினர் யாரேனும் உண்டா? உண்டெனில் பெயரும் பதவியும் எழுதுக. உன் பெயரை எழுதிப் பக்கத்தில் ‘காலமானார்’ என்று போட இடம் இருந்தது. போட்டால் யாராவது உன்னை நினைத்துக்கொண்டு ஒரு நல்ல வார்த்தை எழுதக்கூடும் என்றும் தோன்றியது.

நோ என்று எழுதினேன்.

பொய் இல்லை. நீ இப்போது எந்த உத்தியோகத்திலும் இல்லை. மை காய்ந்தபிறகு உன் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே சாய்வு. கடைசி எழுத்தின் தலையில் நீ இழுக்கும் சின்ன வால்கூட அப்படியே வந்திருக்கிறது. இரண்டையும் கத்தரித்துக் கலந்து போட்டால், எது நீ எழுதியது, எது நான் எழுதியது என்று எனக்கே சொல்லத் தெரியாது.