இந்த முறை துளையில்லாத டிஸ்க், மச்சான்

என் அன்பு மச்சான் சாகுலுக்கு,

முதலில் கோபப்படாமல் கேள். உன் காரிலிருந்து நீ ஆசை ஆசையாய் மாட்டிய துளை போட்ட பிரேக் டிஸ்க்குகளைக் கழற்றிவிட்டேன். ஒன்றுகூட மிச்சமில்லை. நீ இல்லாத தைரியத்தில் செய்தேன் என்று நினைக்காதே. இருந்திருந்தாலும் செய்திருப்பேன். கூட ஒரு மாதம் சண்டை போட்டிருப்போம், அவ்வளவுதான்.

நீ பேட்மின்டன் ஆடப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அன்றிலிருந்து உன் கார் உட்லண்ட்ஸில் உங்கள் புளோக் கார்ப்பார்க்கில் உறை போர்த்திக் கிடந்தது. ஜமீலா அந்தப் பக்கமே போவதில்லை. நான்தான் அவ்வப்போது போய் எஞ்சினை ஓடவிட்டு வருவேன். அந்த டர்போ சத்தம் கேட்டால் பக்கத்து புளோக் சீனக் கிழவர் இன்னமும் எட்டிப் பார்க்கிறார். நீ என்று நினைத்துவிடுகிறாரோ என்னவோ.

போன மாதம் உன் மகள் ரிஸ்வானா என்னைத் தேக்காவில் நாம் வழக்கமாக உட்காரும் டீக்கடைக்கு வரச் சொன்னாள். பிள்ளை இப்போது தொடக்கப்பள்ளி ஆசிரியை, தெரியுமா? அவள் பேசினால் எனக்குக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்.

“மாமா, அத்தா எனக்கு ஒரு ப்ராமிஸ் பண்ணாங்க. டிகிரி முடிச்சா செப்பாங்ல நான் ஓட்டலாம்னு. டிகிரி முடிச்சாச்சு. வண்டியோட சிஓஇ பர்மிட் இந்த வருஷத்தோட முடியுது, அப்புறம் ஸ்க்ராப்தான். அதுக்குள்ள நான் ஓட்டணும்.”

“உங்கம்மா என்ன சொல்றா?”

“இன்னும் கேக்கலை. நீங்கதான் கேக்கப் போறீங்க.”

உன் மகள்தான்டா. சந்தேகமே வேண்டாம்.

செப்பாங் பந்தயப் பாதைக்கு நீ இரண்டு முறை போனாய். நானும் கூட வந்தேன், நிழலில் உட்கார்ந்து கறிபஃப் தின்றேன். “ஒரே ஒரு ரவுண்டு, பக்கத்துல உட்காருடா” என்று நீ எவ்வளவு கெஞ்சினாய். நான் அசையவில்லை. பயந்தாங்கொள்ளி என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாய், சிரித்துவிட்டுப் போ. ரயில் டிப்போவில் பிரேக் வேலை பார்ப்பவன் நான். ஓடுவது நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவனுக்குப் பயம் வரத்தான் செய்யும்.

அந்த நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் வண்டிகள் எந்த வேகத்தில் வந்து பிரேக் பிடிக்கும் என்று நீயே சொல்வாய். அங்கே உன் பிள்ளை மிதிக்கப் போகிறாள். எனக்குத் தூக்கம் வருமா?

ஜமீலாவிடம் சொன்னபோது அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “ஒருத்தரைக் கொடுத்தாச்சுண்ணே. இவளைக் கூட்டிட்டுப் போறதுன்னா நீங்கதான் முழுசாத் திருப்பிக் கொண்டாந்து விடணும்,” என்றாள். சரிம்மா என்றேன். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இவ்வளவும் செய்துகொண்டிருக்கிறேன்.

நேராகக் காக்கி புக்கிட், உன் சிநேகிதன் ஆ ஹெங்கின் பட்டறைக்குப் போனோம். ரிஸ்வானா முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

“அத்தா போட்ட அதே மாடல், புதுசு. ஹோல்ஸ் இருக்கறது.”

“வேண்டாம்.”

“அத்தாவோட கார் மாமா.”

“ஓட்டப்போறது நீ.”

“அத்தாவுக்கு ஒண்ணும் தெரியாதா அப்ப?”

உனக்குத் தெரியாது என்று அந்தப் பிள்ளையிடம் நான் சொல்வேனா? ஆனால் தெரியும் என்றும் சொல்ல முடியவில்லை. சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே அந்தத் துளைகள் பளபளவென்று தெரிய வேண்டும், உனக்கு அதுதானே முக்கியம்? கார்ப்பார்க்கில் குத்த வைத்து உட்கார்ந்து துணியால் துடைத்துக்கொண்டிருப்பாய். குழந்தைக்கு மூக்குத் துடைப்பது மாதிரி.

ஆ ஹெங் முன்சக்கரத்தைக் கழற்றினான். நான் ரிஸ்வானாவின் கையைப் பிடித்து டிஸ்க்கின் மேல் வைத்தேன். “நகத்தால தடவிப் பாரு.”

தடவினாள். துளையிலிருந்து துளைக்கு மயிரிழை போல வெடிப்புகள். ஒன்று விளிம்பு வரைக்கும் ஓடியிருந்தது. செப்பாங் சூட்டில் வந்தது அது, மச்சான். நீ மூன்றாவது முறை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைக்க விரும்பவில்லை.

“நகம் மாட்டுது மாமா,” என்றாள். குரல் இறங்கிவிட்டது. “அத்தா தப்பாவா வாங்கினாங்க?”

“தப்பு இல்லைம்மா. சாங்கிக்கும் உட்லண்ட்ஸுக்கும் ஓட்டறதுக்கு இது தாராளம். மழைக்கும் நல்லது. பந்தயப் பாதை வேற. அங்க அடிச்சு அடிச்சு பிரேக் பிடிக்கணும், டிஸ்க் கொதிக்கும். கனமான தோசைக்கல்லு நிறையச் சூடு தாங்கும்ல? அது மாதிரி இரும்பு நிறைய இருக்கணும். துளை போட்டா அந்த அளவுக்கு இரும்பு போச்சு. வெடிப்பு ஆரம்பிக்கறதும் அங்கதான்.”

உன்னை விட்டுக்கொடுக்கவில்லை, பார்த்தாயா?

கடைசியில் துளையே இல்லாமல், மேலே சாய்வாகக் கோடு மட்டும் வெட்டிய டிஸ்க்கை எடுத்தோம். உள்ளே காற்று ஓட நல்ல இடைவெளி. நடுப்பாகம் அலுமினியம், அதனால் எடையும் ஏறவில்லை. இன்னும் பெரியதாகப் போடலாமே என்று ஆ ஹெங் ஆசை காட்டினான். பெரியது போட்டால் சக்கரத்தை மாற்ற வேண்டும், சக்கரம் மாற்றினால் டயர், அப்புறம் அது உன் காராகவே இருக்காது. இதே அளவு போதும் என்றேன். “ஓகேலா, அங்கிள் பாஸ்,” என்றான். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கச் சூடு தாங்கும் பேட், புது பிரேக் ஆயில், எல்லாம் மாற்றியாகிவிட்டது.

அழகாக இல்லை, ஒத்துக்கொள்கிறேன். உன் மகளும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள்.

அடுத்து நடந்த கூத்தைக் கேள். புது டிஸ்க்கை அப்படியே பந்தயத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. வேகமாகப் போய், அழுத்திப் பிடித்து, முழுக்க நிற்காமல் மறுபடி வேகம் எடுத்து, இப்படித் திரும்பத் திரும்பச் செய்து பேடையும் டிஸ்க்கையும் பழக்க வேண்டும். பிறகு பிரேக்கைத் தொடாமல் வெகுதூரம் ஓட்டி ஆறவிட வேண்டும். முழத்துக்கொரு சிக்னல் உள்ள சிங்கப்பூரில் இதற்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் காஸ்வே பாலத்தைத் தாண்டி ஜோகூருக்குப் போய் ஆளில்லாத நெடுஞ்சாலையில் செய்தோம். நான் பின்சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரிக்காதே. உன் பிள்ளை அழகாக ஓட்டினாள், சும்மா சொல்லக்கூடாது.

இனி ஆறவிட வேண்டும். அந்த நேரம் பார்த்து அவள் போனைப் பார்த்தாள். “மாமா, காஸ்வேல ஜாம் ஏறுது. இப்பவே திரும்பிரலாமா?” நம்ம ஊர்க்காரன் எவனுக்காவது காஸ்வே ஜாம் என்று காதில் விழுந்தால் மூளை வேலை செய்யுமா? “போ போ, சீக்கிரம் திருப்பு!” என்று கத்தியதே நான்தான். கொதிக்கிற டிஸ்க்கோடு நேராகப் போய் அந்த வரிசையில் நின்றோம். ஏற்றத்தில் நின்றோம். நின்றுகொண்டே இருந்தோம்.

திரும்பி உட்லண்ட்ஸ் வரும்போது பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் கடகடவென்று ஆடியது. கார்ப்பார்க்கில் நிறுத்திவிட்டு அவள் இறங்கவில்லை. “நீங்க செலக்ட் பண்ண டிஸ்க்குதானே மாமா? வளைஞ்சு போச்சு. அத்தாவோடதே போட்டிருக்கலாம்.” எனக்குச் சுருக்கென்றது. அதற்குள் ஜமீலாவும் கீழே வந்துவிட்டாள். “இதோட விட்ருங்கண்ணே. வண்டியே வேணாம்னு சொல்லுது,” என்றாள்.

வண்டி எங்கே சொன்னது? வண்டிக்கு வாயா இருக்கிறது? ஆனாலும் நானே ஒரு கணம் ஆடிப்போய்விட்டேன். தேர்ந்தெடுத்தவன் நான், வாக்குக் கொடுத்தவனும் நான்.

அங்கேயே தரையில் மண்டியிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். டிஸ்க் வளையவில்லை. மேலே ஒரு இடத்தில் மட்டும் கருப்பாகத் திட்டு, சரியாக பேட் அளவுக்கு. சூட்டோடு ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றால் பேட் உருகி அப்படியே அச்சு விழும். “ஜாம்ல நிக்கறப்ப பிரேக்கை எப்படிம்மா பிடிச்சே?” என்று கேட்டேன்.

“ஃபுல்லா. கீழ வரைக்கும். அத்தா அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க. காஸ்வேல கால் தளர்ந்தா பின்னாடி இருக்கறவன் மேல போயிருவேன்னு.”

மச்சான், எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நீ ஒரு தடவை காஸ்வே ஏற்றத்தில் காலைத் தளர்த்திப் பின்னால் நின்ற லாரிக்காரனின் விளக்கை உடைத்தாயே, அவன் இறங்கி வந்து திட்டிய திட்டு! அன்றிலிருந்து எந்த வரிசையில் நின்றாலும் நீ தரையோடு சேர்த்து மிதிப்பாய். அந்தக் கதையை நான் சொன்னதும் தாயும் மகளும் அந்தக் கார்ப்பார்க்கிலேயே சிரித்தார்கள். ஜமீலா சிரித்தபடியே அழுதாள். நீ போனபின் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

விடுவேனா? ஆ ஹெங் உப்புத்தாள் போட்டு லேசாகத் தேய்த்துக் கொடுத்தான். அடுத்த ஞாயிறு மறுபடி போனோம். இந்த முறை போனை என் பைக்குள் போட்டுக்கொண்டேன். கூலாய் வரைக்கும் பிரேக்கைத் தொடாமல் ஓட்டினாள், அங்கே ரொட்டி சானாய் தின்றோம், டிஸ்க் ஆறட்டும் என்று இன்னொரு டீயும் குடித்தோம். ஜாம் எவ்வளவு வேண்டுமானாலும் ஏறட்டும் என்று விட்டுவிட்டேன். வரிசையில் நிற்கும்போது அவள் பிரேக்கைப் பட்டும் படாமலும் பிடித்தாள். வழியெல்லாம் ஸ்டீயரிங் அசையவில்லை. நெடுஞ்சாலையில் ஒருமுறை அடித்துப் பிடித்தாள் பார், வண்டி கோடு போட்ட மாதிரி நின்றது.

“மாமா,” என்றாள், “இது நல்ல டிஸ்க்.” எனக்கு அது போதும். உனக்கும் போதும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன் பழைய டிஸ்க்கில் ஒன்றை ஜமீலா கேட்டு வாங்கிக்கொண்டாள். வாசல் காரிடாரில் கறிவேப்பிலைத் தொட்டிக்கு அடியில் இருக்கிறது. தினமும் துடைக்கிறாள்.

நாளை செப்பாங். சுபுஹு தொழுகை முடிந்ததும் கிளம்புகிறோம். சற்றுமுன் ஜமீலா போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அவ ஓட்டறப்ப நீங்க எங்கண்ணே இருப்பீங்க? வெளியவா?”

நிழலும் கறிபஃப்பும் என் கண்முன் வந்து போயின. “பக்கத்து சீட்டுலம்மா,” என்று சொல்லிவிட்டேன். “அப்ப சரி,” என்றாள்.

ஆமாம்டா, நான்தான். நீ கெஞ்சியும் உட்காராதவன். ஹெல்மெட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. அந்த நேர்ப்பாதை முடிவில் கண்ணை மூடமாட்டேன் என்று மட்டும் சொல்ல முடியாது. ஆனால் இறங்கமாட்டேன்.

ஓடி முடித்த சூட்டில் கைபிரேக் போடக் கூடாது, அதே அச்சு விழும். அதற்காக என் பையில் ஒரு மரக்கட்டை எடுத்து வைத்திருக்கிறேன். நாளை உன் மகள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவாள், பிரேக்கிலிருந்து காலை எடுப்பாள். முதலில் இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் கட்டையை வைப்பவன் நான்தான். சாயங்காலம் அவளை ஜமீலாவிடம் முழுசாகக் கொண்டுபோய் விடுகிறேன்.

பக்கத்து சீட்டிலிருந்து,
உன் பயந்தாங்கொள்ளி மச்சான்
செல்வம்