புத்து என்ற சொல்

நவ. 10, திங்.
காலையிலிருந்து தூறல். ஸ்கூட்டி செல்ஃப் எடுக்கல, உதைத்தே கிளப்பினேன். செல்லிப்பட்டு, அஞ்சலை வீடு. மார்புப் புண் அக்குள் வரை ஏறிவிட்டது. கழுவி, மாத்திரை பொடித்துத் தூவி, கட்டுப் போட்டேன். நாற்றம் குறையும். ஆனால் புண் ரத்தக்குழாயை நெருங்கிட்டுது. எனக்கு அது நல்லதாகப் படவில்லை.

புருஷன் ஏழுமலையைக் கரும்புக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னேன். எப்ப வேணாலும் ரத்தம் கொட்டலாம், ரத்தம் அவள் கண்ணுக்குத் தெரியாதபடி கறுப்புத் துண்டு வைத்து அழுத்திப் பிடிக்கணும், கிட்டவே இருக்கணும். பிள்ளை திருப்பூரில். வீட்டில் இவரை விட்டால் ஆள் கிடையாது.

"சரி சிஸ்டர். அந்த நோவு பேரை மட்டும் அவ காதுல போட்டுடாதீங்க. வெறும் புண்ணுதான்."

எல்லா வீட்டிலும் இதே பாட்டு. எரிச்சல்.

நவ. 12, புத.
மழை. டிபன் பாக்ஸ் மூடி காணோம்.

அஞ்சலை முகத்தில் என்றுமில்லாத தெளிவு. கட்டைப் பிரித்தால் புண் மேல் மஞ்சளும் மண்ணும் அப்பியிருக்கு.

"புத்து மண்ணு சிஸ்டர். 'அவளுக்குப் புத்து'ன்னு போன்ல புள்ளை கிட்ட சொல்லிக்கினு இருந்தாரு, காதுல வுழுந்துது. கொல்லை ஓரத்துப் புத்தை டிராக்டர் வுட்டு இடிச்சது இவருதான. நாகாத்தம்மா சும்மா வுடுவாளா?"

அவர் சொன்னது புற்றுநோயை, இவள் பாம்புப் புத்தை நினைத்திருக்கிறாள். இனி அவர் கை படக்கூடாதாம், அம்மன் கோபம் கூடுமாம். கஞ்சி கூடப் பக்கத்து வீட்டு மல்லிகா கையால். மல்லிகா பகலில் வேலைக்குப் போய்விடுவாள்.

மண்ணைக் கழுவி எடுக்க நேரம் பிடித்தது. லேசாக ரத்தக் கசிவு.

வெளியே ஏழுமலை: "நான் இடிச்ச பாவமாவே இருக்கட்டும் சிஸ்டர். அந்த நோவுன்னு தெரிஞ்சா இன்னிக்கே உசுர வுட்டுடுவா."

"அண்ணா, ரத்தம் வந்தா நீங்கதான் பிடிக்கணும். தொடவே விடலன்னா?"

கொல்லைப் பக்கம் நடந்துவிட்டார். அந்த மனுஷன் மேல் கோபமும் வருது, அழுகையும் வருது.

நவ. 14, வெள்.
ஆற்றில் தண்ணீர் ஏறுது. இருக்கிற புத்துக்காவது பால் ஊத்தச் சொல்லி மல்லிகாவை அனுப்பியிருக்கிறாள். விரதமாம், வலிக்குத் தரும் மார்ஃபின் மாத்திரை வேண்டாமாம். உதட்டைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள்.

டாக்டரிடம் போனில் பேசினேன். "உண்மையைச் சொல்லிடுங்க, அவரைக் கிட்ட விடுவாங்க" என்றார். சுலபமாகச் சொல்லிட்டார். ஏழுமலை வாசற்படி தாண்டி உள்ளே வரவில்லை. தோளில் புதுக் கறுப்புத் துண்டு, மடிப்புக் கலையாமல்.

எனக்குச் சாப்பாடு இறங்கல.

நவ. 15, சனி
காலையில் ஏழுமலை போன். "சிஸ்டர், ரத்தம். கிட்ட வராதேங்கறா."

வில்லியனூர் ரயில் கேட் மூடியிருந்தது. யாரை என்று தெரியாமலே வைதேன்.

போனபோது அஞ்சலை தானே புடவையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். கையில் பலமில்லை. அவர் படியிலேயே நின்றார். துண்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடி அழுத்தினேன். பயப்படாதீங்கக்கா என்றேன். பயந்தது நான்தான்.

"அவரை வெளிய போவச் சொல்லுங்க சிஸ்டர்."

ரத்தம் நிற்கவில்லை. அழுத்திப் பிடித்தபடியே அவரைப் பார்த்தேன், சொல்லிடட்டுமா என்று. வேண்டாமென்று தலையாட்டினார்.