சிறையில் இல்லாதவருக்கு விடுதலை

மார்ச் 3, திங்கள்

வளைகுடாவிலுள்ள நம் தூதரகத்திலிருந்து மின்னஞ்சல். அந்நாட்டுச் சிறைகளில் முனியசாமி என்ற பெயரில் மீனவர் எவரும் இல்லையாம். மனுவை முடித்து வைத்துவிட்டார்கள்.

சிறை என்று யார் சொன்னது? அவர் அங்கே ஒரு படகு முதலாளியிடம் மாட்டிக்கொண்டிருக்கிறார். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஊருக்கு அனுப்ப மறுக்கிறான் அந்த ஆள். ஜனவரியில் எங்கள் சங்கம் அனுப்பிய கடிதத்தைத் தேடி எடுத்தேன். மூன்றாம் பத்தியில் இருக்கிறது - 'சிறையிலிருந்து விடுவிக்க வேண்டுகிறோம்'.

டைப் அடித்தது நான்.

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் மீனவர் சங்கத்தில் கடிதம் எழுதுவதில்லை, பெயர் மாற்றுகிறோம். கடல் எல்லை தாண்டிப் பிடிபட்டுச் சிறையில் இருப்பவர்களுக்காக என்றோ ஒரு தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்த ஒன்றரைப் பக்க ஆங்கிலம். அதுதான் 'மாடல்'. யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் அதையே எடுத்து, பெயரையும் தேதியையும் மாற்றி, செயலாளர் குழந்தைசாமி அண்ணன் முத்திரை குத்துவார்.

முதல் பத்தி முழுக்கக் கும்பிடு. ஒரே வாக்கியம் பதினோரு வரி. யார், யாரை, என்ன செய்தார்கள்? தேடினாலும் கிடைக்காது. அதைச் சொல்லத்தானே இலக்கணம்!

பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள் நான். படித்துப் பார்க்காமலா அடித்தேன்? பார்த்தேன். நமக்கெதுக்கு வம்பு என்று விட்டேன்.

மார்ச் 6, வியாழன்

முனியசாமியின் மனைவி ராஜலட்சுமி வந்தாள். விசா ஏப்ரல் பதினைந்தோடு முடிகிறதாம். அதற்குப் பிறகு நிஜமாகவே பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள்.

"லெட்டர்ல என்னதான்க்கா எழுதுனீங்க?"

மறைக்காமல் சொன்னேன். விசா நகலை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். நாலு வார்த்தை வைதிருக்கலாம்.

பிறகு நடந்ததையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினேன். ஐந்தே வாக்கியம். அவர் சிறையில் இல்லை. பாஸ்போர்ட் இன்னாரிடம் இருக்கிறது. விசா இந்தத் தேதியில் முடிகிறது. பாஸ்போர்ட்டை வாங்கிக் கொடுத்து ஊருக்கு அனுப்பி வையுங்கள். அவருடைய போன் நம்பர் இது. அகராதி வைத்து மூன்று தடவை சரி பார்த்தேன்.

மார்ச் 7, வெள்ளி

அண்ணன் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஏதாவது இருக்குமென்று நினைத்திருப்பார்.

"என்னம்மா இது, எட்டாப்பு புள்ள எழுதுன லீவு லெட்டராட்டம் இருக்கு. எம்பசிக்காரன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும்ண்ணே. புரிஞ்சுக்கிட்டு சிரிக்கட்டும்."

மரியாதையான இங்கிலீஷ் இல்லை, முத்திரை போடமாட்டேன் என்றார். போட வேண்டாம். புருஷனுக்காகப் பெண்டாட்டி எழுதுற லெட்டருக்கு இவர் முத்திரை எதுக்கு? ராஜலட்சுமி பெயரிலேயே மாற்றி அடித்தேன். தமிழில் கையெழுத்துப் போட்டாள். மணமேல்குடி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் எடுத்து அனுப்பினோம்.

வேலை போகுமோ? போனால் போகட்டும்.

மார்ச் 13, வியாழன்

பதில் இல்லை. "எம்பசி போன் அடிச்சுச்சாம்மா?" - அண்ணன் தினமும் கேட்கிறார், டீ குடிக்கிறவர்கள் காதில் விழும்படி.

மார்ச் 19, புதன்

கூப்பிட்டிருக்கிறார்கள்! முனியசாமிக்கே, கடிதத்தில் கொடுத்த நம்பருக்கே. முதலாளி பெயரைச் சொல்லி, பாஸ்போர்ட் இன்னும் அவனிடம்தானா என்று கேட்டார்களாம்.

அண்ணனிடம் நானாகப் போய்ச் சொல்லவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

முனியசாமி திருச்சியில் இறங்கிவிட்டார். விசா முடிய நாலு நாள் மிச்சமிருக்க.

ஏப்ரல் 28, திங்கள்

ராஜலட்சுமி கடிதத்தின் நகல் ஒன்றை எங்கேயோ வாங்கி லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறார் அண்ணன். புது மாடலாம்.

காலையில் ஜஸ்டின் என்று ஒரு பெரியவர் வந்தார். மகன் வெளிநாட்டுப் படகில் கை நசுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அண்ணன் அந்தப் பிளாஸ்டிக் தாளை என் பக்கம் தள்ளினார். "ஒன் லெட்டருதாம்மா. பேர மட்டும் மாத்திரு."

வாங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன். சாவியை என் பையில் வைத்துக்கொண்டேன்.

ஜஸ்டினுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தேன்.

"ஒக்காருங்க. என்ன நடந்துச்சு, மொதல்லேர்ந்து சொல்லுங்க."