பானெட்டின் சூடு

நவம்பர் 16, ஞாயிறு

இன்று மாபெரும் முடிவொன்றை எடுத்தேன்: பழைய டீசல் காரை வாங்குமுன் அதன் பானெட்டை, அதாவது எஞ்சின் மூடியை, தொட்டுப் பார்ப்பது. என் மனைவி சாந்தி பத்து பாகாட் ஊரிலுள்ள ஃபாக்டரிக்குப் போய்வரத்தான் கார். பாலோ ஊரில், காரை விற்பவர் மணியத்தின் வீட்டில், காலையிலிருந்து மழை. பானெட் சுட்டது.

"இன்னிக்கு ஸ்டார்ட் பண்ணவே இல்லண்ணே. வெயில் சூடு," என்றார் மணியம்.

"சூட்டுல எந்த எஞ்சினும் கிளம்பும். ஆறட்டும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம்."

"டீசல் எஞ்சின், ஆயுசுக்கும் செலவே வைக்காது. ஆற வச்சு என்னா பண்ணப் போறீங்க?"

சாந்தி என் காதில் சொன்னாள்: "நாளைக்குக் கோயில்ல பூசைக்குச் சொல்லியாச்சு. டயருக்கு வைக்க எலுமிச்சம்பழமும் வாங்கியாச்சு. சந்தேகப்படாதீங்க லா."

காத்திருந்தோம். ஆறிய எஞ்சின் இருமியது, கிளம்பவில்லை.

"மழைக் குளிருண்ணே," என்றார் மணியம்.

டயருக்கு வாங்கிய பழத்தில் ராத்திரி எலுமிச்சை சாதம். ஃபாக்டரி பஸ்ஸுக்காக சாந்தி நாலரைக்கு அலாரம் வைத்திருக்கிறாள்.