கிழவர் படி இறங்கியபோது

மார்ச் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு நான் நலம். என் மகளின் நலத்தை அவளிடமே கேட்டிருப்பேன். மூன்று வாரமாக என் போனை அவள் எடுப்பதில்லை. அதனால்தான் இந்த வயதில் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

நிச்சயம் முடிந்த கையோடு இருவரும் ஒரே வீட்டில் குடியேறினீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டேன். "என்னம்மா, உன் பொண்ணு இப்படிப் பண்றா?" என்று என் அண்ணன் கேட்டபோது, "வீடு கிடைக்கறதே கஷ்டமா இருக்குண்ணா, கிடைச்சப்போ போயிட்டாங்க" என்று பூசி மெழுகினேன். ஆனால் அந்த வீட்டில் ஒரு குருட்டு நாய், ஒரு நொண்டி நாய், ஒரு பூனை. இதை எதைக் கொண்டு பூசுவது?

முப்பத்தொரு வருஷம் தலைமை நர்ஸாக இருந்தவள் நான். என் வார்டில் ஓர் ஈ பறந்தாலும் இரண்டு பேருக்குத் திட்டு விழும். அப்படிப்பட்டவள் பெற்ற மகள் தட்டில் நாய் முடியோடு சாப்பிடுகிறாள்.

கல்யாணம் ஏப்ரல் இருபது. அதற்குள் அவற்றை நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பதிவு அலுவலகத்துக்கு நான் வர மாட்டேன். நீங்கள் நிதானமானவர். அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அத்தை


மார்ச் 9

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். இந்த வீட்டில் ஒளித்துவைத்த கடிதம் என்று எதுவும் கிடையாது. உங்களுடையதைச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தேன். உங்கள் மகள் சொன்னது: "எடுத்துச் சொல்லு பார்ப்போம். நீயும் சேர்ந்து வெளியே போவே." ஆகவே நான் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லும் எண்ணமும் இல்லை.

அவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். லிஃப்ட் பழுது பார்க்கப் போன கட்டடத்தில், லிஃப்டுக்கு அடியில் உள்ள பள்ளத்தில் கிரீஸில் தோய்ந்து கிடந்தது பூனை. மேலே தூக்கியதும் என்னைக் கீறிவிட்டு என் கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து அதன் பெயர் மேனேஜர். வண்டி ஏறி ஒரு காலை இழந்தவன் முக்காலி. தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் உங்கள் மகள் கண்டெடுத்தவர் கிழவர். ஊருக்கே பார்வை சரி செய்கிறவள், இரண்டு கண்ணும் போன நாயாகப் பார்த்துத் தூக்கி வந்தாள்.

கிழவருக்கு இந்த வீடு மூக்கில்தான் இருக்கிறது. சமையலறை நிலையில் காப்பித்தூள் பை தொங்கும். குளியலறைப் பக்கம் சோப்பு. படுக்கையறைக் கதவில் தலைவலித் தைலம் தடவியிருக்கும். வாசற்படியில் குறுக்கே ஒரு கோடு கிரீஸ் இழுத்திருக்கிறேன். அந்த வாசனை வந்தால் நிற்க வேண்டும், தாண்டக் கூடாது. இதைக் கற்றுக்கொள்ள அவருக்கு நான்கு மாதம் ஆனது.

ஒருமுறை வந்து பாருங்கள், அத்தை. வந்து பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 25

அத்தைக்கு,

கிழவர் கிடைத்துவிட்டார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தபோது அவள் பேசாமல் இருந்தாலும், உங்களுக்குப் பிடித்த மெத்தையை எடுத்துப் போட்டாள். கவனித்திருப்பீர்கள். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தோம். வீடு முழுவதும் பினாயில். முக்காலி கட்டிலுக்கு அடியில் குரைத்துக்கொண்டிருந்தான். மேனேஜர் பீரோவின் மேல். காப்பித்தூள் பை குப்பையில் கிடந்தது. வாசற்படி பளபளவென்று இருந்தது. கிழவரைக் காணோம். "எனக்குத் தெரியாது, நான் குளிச்சிட்டிருந்தேன்" என்றீர்கள். அவள் கத்தியதும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள்.

இரண்டு நாள் தேடினோம். அவள் வேலைக்கே போகவில்லை. கடைசியில் நாலு தெரு தள்ளி ஒரு லாரிப் பட்டறையில், கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பட்டறைக்காரர் சொன்னார்: "ரெண்டு நாளா நகரவே இல்லைங்க. தண்ணி வெச்சா குடிக்குது, கூப்பிட்டா வரலை." எப்படி வருவார்? அந்த வாசனை வந்தால் நிற்க வேண்டும் என்று நான்தானே சொல்லிக்கொடுத்தேன். நடு ரோட்டில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும். எங்கள் வாசல் கதவுக்கு ஸ்பிரிங் போட்டவன் நான். தானாகச் சாத்திக்கொள்ளும். எதையாவது முட்டுக் கொடுத்தால் தவிரத் திறந்து நிற்காது. "வேணும்னே தொறந்து விட்டிருக்காங்க" என்கிறாள் உங்கள் மகள். "அத்தை அப்படிச் செய்ய மாட்டாங்க" என்று நான் அடித்துச் சொல்கிறேன். எங்கள் இருவருக்கும் வந்த முதல் பெரிய சண்டை இதுதான்.

உங்கள் நிபந்தனைக்கும் பதில் எழுதிவிடுகிறேன். மூவரும் இங்கேதான் இருப்பார்கள். கல்யாணம் ஏப்ரல் இருபதுதான். யார் வந்தாலும், வராவிட்டாலும்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 4

மாப்பிள்ளைக்கும், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதைக் கேட்கும் என் மகளுக்கும்,

வாளியை முட்டுக் கொடுத்தது தரை காய்வதற்காக. அதில் கள்ளம் இல்லை. வாசனை விஷயம் நீங்கள் எழுதியிருந்தீர்கள். மாப்பிள்ளை கதை விடுகிறார் என்று நினைத்தேன். வாசற்படியில் கிரீஸைப் பார்த்ததும் கை தானாகத் துணியை எடுத்தது. இதுவரை சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டால் நீங்கள் கொடுத்துவிடுவீர்கள். மீதியைச் சொல்கிறேன்.

நான் குளித்துக்கொண்டிருக்கவில்லை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் குருட்டு நாய் தரையை முகர்ந்துகொண்டே சுற்றிச் சுற்றி வந்தது. சுவரில் இரண்டு முறை முட்டிக்கொண்டது. பிறகு வாசற்படிக்குப் போய், ஒரு காலை வெளியே வைத்துவிட்டு, என் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றது. "ஏய்" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. தொலைந்தது சனியன் என்று நினைத்தேன். ஆமாம், இதே வார்த்தைகளைத்தான் நினைத்தேன். படிகளில் நகம் தட்டும் சத்தம் கீழே போய்ச் சேரும்வரை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் வார்டில் கண் கட்டுப் போட்ட நோயாளி யாராவது வழி தவறி நடந்தால், எந்த மூலையில் இருந்தாலும் ஓடிப்போய்க் கையைப் பிடிப்பேன். அவர் யார், எந்த ஊர் என்று கேட்டதில்லை. அன்றைக்கு என் கை மடியிலேயே கிடந்தது. எனக்கு என்ன வந்தது என்று நாற்பது தரம் கேட்டுக்கொண்டுவிட்டேன்.

அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். "நல்ல காரியம் பண்ணே" என்றார். "நாக்கை அடக்கிப் பேசுங்கண்ணா" என்று போனை வைத்துவிட்டேன். அவர் கல்யாணத்துக்கு வர மாட்டாராம். வராமல் இருக்கட்டும்.

உங்களுக்காக ஒன்று செய்ய நினைக்கிறேன். கல்யாணத்தன்று நீங்கள் இருவரும் கிளம்பிவிட்டால் கிழவரை யார் பார்த்துக்கொள்வார்கள்? நான் வந்து வீட்டில் அவரோடு இருக்கிறேன். என் ஒரே மகளின் கல்யாணத்தைப் பார்க்காமல் இருப்பது எனக்குச் சரியான தண்டனை.

இப்படிக்கு,
அம்மா


ஏப்ரல் 9

அத்தைக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் பாதி வரைதான் என்னால் உரக்கப் படிக்க முடிந்தது. மீதியை அவளே வாங்கி, நின்றுகொண்டு படித்தாள். மடித்தாள். திரும்பப் பிரித்துப் படித்தாள். பிறகு கிழவரைக் குளிப்பாட்டப் போய்விட்டாள். ஒரு மணி நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அவ்வளவு நேரம் குளிப்பாட்ட அவர் உடம்பில் என்ன இருக்கிறது?

எனக்கும் கோபம்தான், அத்தை. உங்களுக்காக வாதாடித் தோற்றுப்போனேன். கோபம் இன்னும் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் உங்களை நம்பிக்கொண்டே இருந்திருப்பேன். அது தெரிந்தும் எழுதினீர்கள். அதற்கு நன்றி.

கிழவருக்கு வீட்டை முதலிலிருந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம். சமையலறை வரைக்கும் வந்துவிட்டார்.

பதிவு அலுவலகத்தில் மிருகங்களை உள்ளே விட மாட்டோம் என்றார்கள். "எந்த விதியில் எழுதியிருக்குன்னு காட்டுங்க, நான் வீட்டுக்குப் போயிடறேன்" என்று அவள் அந்த எழுத்தருக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் மூன்று புத்தகம் புரட்டிப் பார்த்துவிட்டு, "கயிறு கட்டிக் கூட்டிட்டு வாங்க" என்றார். ஆகவே மூவரும் வருகிறார்கள்.

நீங்கள் கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இது. ஈரக் கையோடு வந்து, "நான் சொல்றதை அப்படியே எழுது, நைசா மாத்தக் கூடாது" என்றாள். மாற்றவில்லை.

"கிழவரை உங்ககிட்ட விட்டுட்டுப் போக மாட்டேன். ஒரு நாள் இல்லை, ஒரு நிமிஷம்கூட விட மாட்டேன். கல்யாணத்துக்கு வாங்க. பதினோரு மணி. முன்வரிசையில உட்காருங்க, நான் பார்க்கிற மாதிரி."

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை