தள்ளிப்போட்ட சர்க்கரைப் பரிசோதனை

அன்பு மகள் சிட்டுவுக்கு, நாங்கள் இருவரும் சுகம், அங்கே நீங்கள் இரண்டேகால் பேரும் சுகம்தானே. எழுத வேண்டியதை முதலில் வரிசைப்படுத்திவிட்டேன், இல்லாவிட்டால் பாதியில் பயந்து நிறுத்திவிடுவேன்.

1. அம்மாவின் முழங்கால்.
2. அந்த நர்ஸ்.
3. இரண்டு பேர் சாப்பாடு.
4. எடையைக் குறைத்துவிட்டுப் பரிசோதனைக்குப் போகலாம் என்ற உன் யோசனை சரியே.

அம்மாவின் முழங்கால் தேவலை, நேற்று மாடிக்கு ஏறி வந்து என்னைத் திட்டிவிட்டு இறங்கினாள். அடுத்தது நர்ஸ். எடை பார்க்கும்போது "ஏறுங்கம்மா, மெஷின் தாங்கும்" என்று அவள் சொன்னதால்தான் நீ சர்க்கரைப் பரிசோதனையை இரண்டு தடவை தள்ளிப்போட்டாய் என்று மாப்பிள்ளை சொன்னார் (அவரைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் துருவிக் கேட்டேன்). நாற்பது வருடம் கடை கடையாகத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைத்தவன் சொல்கிறேன், தராசு எடையைத்தான் சொல்லும், நக்கலடிக்காது. நக்கலடிக்கும் வாய்க்கு முத்திரை வைக்கும் அதிகாரத்தை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. ஆனால் எடை கூடுதலாக இருந்தால் கர்ப்பகாலத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏற வாய்ப்பு அதிகம், பிரசவமும் சிரமமாகலாம் என்று படித்தேன், படித்ததில் எனக்கே ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. மூன்றாவது, உன்னை இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடச் சொல்கிறாள் அம்மா. அந்த இரண்டாவது ஆள் இன்னும் ஒரு கிலோகூட இல்லையே என்றேன். "தராசு பாத்த கண்ணால என் பேத்தியப் பாக்காதீங்க" என்றாள். பேத்தி என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள்.

நாலாவதை விரித்து எழுத உட்கார்ந்தபோது, அது சரிதானா என்று சந்தேகம் வந்தது. நம் தெருமுனை டாக்டரம்மாவிடம் டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன், சுற்றிலும் கர்ப்பிணிகள். பக்கத்திலிருந்த பெண் "உங்களுக்கு எத்தனாவது மாசம் தாத்தா?" என்றாள், நானும் பதற்றத்தில் ஆறு என்றுவிட்டேன். உள்ளே போய் உன் யோசனையைச் சொன்னேன், டாக்டரம்மா சிரிக்கவில்லை. வயிற்றில் பிள்ளையோடு பட்டினி கிடந்து இளைக்கக் கூடாது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் நீ இளைக்கும்வரை காத்திருக்காது, இப்போதே தெரிந்தால் சமாளித்துவிடலாம் என்றார்.

அம்மா உனக்கு ஆசி சொல்லச் சொன்னாள், நானும் சொல்கிறேன், சுகமாகப் பெற்றெடு. மாப்பிள்ளையோடு தினமும் சற்று நட. நீ போனில் கேட்டபோது, உன் மனம் நோகுமோ என்று பயந்து "நல்ல யோசனைதாம்மா" என்று சொல்லிவிட்டேன். நாலாவது தப்பு. இருக்கிற எடையோடு நாளைக்கே போ.

அன்புடன்,
அப்பா