ராஜநாயகத்தின் ரத்தம்

1984 மார்ச் 6, செவ்வாய்

நாள் முழுக்க மழை. ஆஸ்பத்திரி லேபில் பதினேழு ரத்தப் பரிசோதனை. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தால், தம்பி ராஜநாயகம் சாப்பிடாமல் சுருண்டு கிடக்கிறான். கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டப் போனதிலிருந்து இப்படித்தான். ஐந்து மாதத்தில் ஆள் பாதி.

மார்ச் 11

அவன் தூங்கும்போது சட்டைக் கையை ஏற்றிப் பார்த்தேன். முழங்கை மடிப்பில் வரிசையாக ஊசித் தழும்பு. ஹெரோயின்தான். யாரிடம் சொல்ல? போலீஸ் பிடித்தால் இரண்டு வருஷம் மறுவாழ்வு நிலையத்தில் அடைத்துவிடுவார்கள். கொழுந்து பறித்துக் களைத்து வரும் அம்மாவிடமா?

மார்ச் 12

அவனிடமே கேட்டேன். "அடுத்த வாரம் விட்டுர்றேன்லா, அக்கா" என்றான். சரி, வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 29

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே தங்கை கத்தரீனுக்குப் பெண் குழந்தை. பிறந்த பிறகு ரத்தம் நிற்கவே இல்லை. அவளுக்கு ஓ நெகட்டிவ். வீட்டில் அந்த வகை ராஜநாயகத்துக்கு மட்டும்தான். ஈப்போவிலிருந்து ரத்தம் வர மூன்று மணி நேரம். அம்மா அவனை லேபுக்கு இழுத்துவந்து என் முன்னால் உட்காரவைத்தாள்.

"எடுடி! என்னா பாத்துக்கிட்டு நிக்கிற?"

அவன் கையை நீட்டினான். கண்ணை இறுக மூடிக்கொண்டான். நான் எடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கத்தரீன் உள்ளே செத்துக்கொண்டிருந்தாள். ரத்தம் கேட்டு வந்த டாக்டர் சாரதாவிடம் சொல்லிவிட்டேன் —

"இவன் ரத்தம் வேணாம் டாக்டர். இவன் ஊசி போடுறவன்."

அம்மா என்னை அறைந்தாள்.

ஈப்போ ரத்தம் நாலேகாலுக்கு வந்தது. கத்தரீன் பிழைத்தாள். நூலிழையில்.

மார்ச் 30

அவனைப் பரிசோதித்தோம். ஹீமோகுளோபின் எட்டுதான். காமாலைக் கிருமியும் இருக்கிறது. டாக்டர் சாரதா சொன்னார்: "அந்தத் தூள் உடம்புக்குள்ளயே நச்சைக் கிளப்புதும்மா. சிவப்பணு வயசாகுறதுக்கு முன்னாடியே உடையுது. ஈரலும் கெடுது. இதைப்போய் உன் தங்கச்சிக்கு ஏத்தியிருந்தா..."

ஏப்ரல் 2

ராஜநாயகத்தை மறுவாழ்வு நிலைய வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். "என் புள்ளையக் காட்டிக்குடுத்தவ" — அம்மா பக்கத்து வீட்டில் சொல்வது சுவரைத் தாண்டிக் கேட்கிறது.

1985 ஜனவரி 20

அம்மாவுக்கு என்னோடு இன்னும் பேச்சில்லை. சோற்றை மூடிவைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

1986 ஏப்ரல் 14, திங்கள்

இரண்டு வருஷம் முடிந்து ராஜநாயகம் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே லேபுக்கு வந்தான். "பாத்துச் சொல்லுக்கா." பழைய ஊசிகளால் முழங்கை நரம்புகள் கல்லாகிவிட்டன, புறங்கையில்தான் எடுக்க முடிந்தது. ஹீமோகுளோபின் பன்னிரண்டரை. கிருமி போகவில்லை.

"அப்ப நான் யாருக்கும் ரத்தம் குடுக்க முடியாதா?"

"முடியாதுடா."

சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். "அன்னிக்கு நீ சொல்லிரணும்னு உள்ளுக்குள்ள வேண்டிக்கிட்டேன்கா. எனக்கு வாய் வரல."

வீட்டில் அம்மாவிடமும் அதையே சொன்னான். அம்மா அவன் தலையைத் தடவினாள். பிறகு திரும்பி, "சாப்பிட்டியா?" என்றாள்.

என்னைப் பார்த்து.